கரண்டு கொல்லவில்லை, அத்தை!

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் மூன்றாவது தட்டில் ஓமம் டப்பா இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் அகப்படும். குழந்தைக்கு வயிற்று உப்பசமா, பெரியவர்களுக்கு நெஞ்சைக் கரிக்கிறதா, ஒரு கை ஓமத்தை வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

2023-ம் வருடம் ஆனி மாதம். நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. காலை ஐந்தரை மணி இருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறார். பனியன் முழுக்க வேர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னங்க செய்யுது?"

"ஒண்ணுமில்ல. வாயுவாத்தான் இருக்கும். நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்சாப்பல இருக்கு. கொஞ்சம் ஓமத்தண்ணி போட்டுக் குடு."

நான் அடுப்படிக்குப் போனேன். கை டப்பாவுக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி இதே வார்த்தையை என் மாமனார் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. டப்பாவைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டுப் பையன் ஆட்டோ ஓட்டுகிறவன். கதவைத் தட்டி எழுப்பினேன். "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று முணுமுணுத்தவரைச் சட்டை மாட்ட விடாமல் துண்டோடு ஏற்றிவிட்டேன். ஆறு மணிக்குள் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "மாரடைப்புதான், நல்லவேளை சீக்கிரம் வந்தீங்க" என்றார் டியூட்டியில் இருந்த பெண் டாக்டர். என் மகள் வயசுதான் இருக்கும். மாத்திரைகளை வாயில் போட்டார்கள். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர், பேச்சை முடிக்கவில்லை. கண் மேலே சொருகிவிட்டது. தொண்டையில் குறட்டை போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஒரு நர்ஸ் முக்காலியில் ஏறி அவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். தோசை மாவு ஆட்டுகிற வேகம் இல்லை. அதைவிட வேகம், அதைவிடப் பலம். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன், ஆனால் திரைச்சீலை இடைவெளியில் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். "எல்லாரும் விலகுங்க! கட்டிலைத் தொடாதீங்க!" என்று டாக்டர் சத்தம் போட்டார். அவர் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. உடனே நர்ஸ் மறுபடி அமுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை "விலகுங்க!" இன்னொரு தூக்கல். மறுபடி அமுக்கல்.

மொத்தமும் ஐந்து நிமிஷம்கூட இருக்காது என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு ஐந்து வருஷம். பிறகு அந்த டாக்டர் பெண் வெளியே வந்து, "அம்மா, துடிப்பு வந்திருச்சு" என்றாள். கால் மணி நேரத்தில் அவர் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, "கடைச் சாவி எங்க?" பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். சாவியின் ஞாபகத்தோடு போய், சாவியின் ஞாபகத்தோடு திரும்பி வந்திருக்கிறார்! அன்றைக்கே ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

இத்தோடு என் கதை சுபம் என்று முடித்திருக்கலாம். ஆனால் நான் எழுத வந்தது இதையல்ல.

மறுநாள் அத்தையை, அதாவது என் மாமியாரை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எழுபத்தெட்டு வயது. மகனின் நெஞ்சைத் தடவிப் பார்த்தவர்கள், அங்கே தீப்பட்ட மாதிரி சிவந்திருந்த இடத்தைக் கண்டுவிட்டார்கள்.

"இது என்னட்டி?"

"அது... மிஷின் வச்ச இடம் அத்தை."

"எம் பிள்ளைக்கும் கரண்டு வச்சுட்டாங்களா?"

அதற்கப்புறம் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டான், பேசுகிறான், இட்லி சாப்பிடுகிறான் என்று எத்தனை சொன்னாலும் அவர்கள் முகம் தெளியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

2003-ம் வருடம் கார்த்திகை மாதம். அப்போது நாங்கள் சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயு" என்றார்கள். அத்தை சொல்ல, ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தவள் நான். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. "விடியட்டும், பாத்துக்கிடலாம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். நாலு மணிக்குப் பொறுக்க முடியாமல் அத்தைதான் பிடிவாதம் பிடித்து அடுத்த தெருவிலிருந்து கார் வரவழைத்தார்கள். 108 ஆம்புலன்ஸ் நம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அப்போது அதெல்லாம் கிடையாது. பத்தமடை தாண்டியதும் மாமாவின் தலை அத்தை தோளில் சாய்ந்தது. அசதியில் தூங்குகிறார்கள் என்று நினைத்தோம். குறட்டைகூட விட்டார்களே! முன்னீர்பள்ளம் வழியாகத் திருநெல்வேலி வந்து சேர இன்னும் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் மூன்று தடவை ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். மாமா எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மாமாவின் அக்கா ஒரு சொல் சொல்லிவிட்டார்கள்: "வீட்டோட கிடந்திருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, கரண்டு வச்சுக் கொன்னுட்டாளே!" ஒவ்வொரு வருடம் திதிக்கும் இந்தப் பேச்சு எழும். அத்தை ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. இலையைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். அவர்களும் அதை நம்பிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு அன்று ஆஸ்பத்திரியில் புரிந்தது. புருஷனைத் தானே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்ததாக இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், பாவம்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஆனால் என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவளைத் துளைத்தெடுத்தேன். அந்த டாக்டர் பெண்ணையும் வார்டுக்கு வரும்போதெல்லாம் விடவில்லை. "இந்தக் கரண்டு இதயத்துக்குள் போய் என்னதான் செய்கிறது?" என்று கேட்டேன். அவர்கள் சொன்னதை நான் என் பாஷைக்கு மாற்றி அத்தைக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இதயத்துக்குள் ஒரு தாமிரபரணி

நம் இதயம் துடிக்க வெளியிலிருந்து கரண்டு வேண்டாம். தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதயத்தின் வலது மேல் அறையில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. டாக்டர்கள் அதை எஸ்.ஏ. நோடு என்கிறார்கள். பொதிகை மலையில் தாமிரபரணி ஊறுகிற மாதிரி, அங்கேதான் ஒவ்வொரு துடிப்பும் ஊறுகிறது. சும்மா இருக்கையில் நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை!

அங்கிருந்து கிளம்பும் கரண்டு மேல் அறைகள் இரண்டிலும் பரவி, நடுவில் ஏ.வி. நோடு என்ற இடத்துக்கு வருகிறது. அது அணைக்கட்டு ஷட்டர் போல. வந்ததை வந்தபடி விட்டுவிடாது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிறுத்தி வைக்கும். ஏன் தெரியுமா? மேல் அறையில் உள்ள ரத்தம் கீழ் அறைக்குள் முழுக்க இறங்க வேண்டாமா? அதற்காக. பிறகு ஷட்டர் திறந்ததும் ஹிஸ் கற்றை என்ற பெரிய கால்வாய். அது இடது, வலது என்று இரண்டாகப் பிரிகிறது. கடைசியில் பர்க்கின்ஜி இழைகள் என்ற வயல் மடைகள். கீழ் அறைத் தசை முழுக்க ஒரே நேரத்தில் கரண்டு பாய, இதயம் ஒரே பிழியாகப் பிழிந்து ரத்தத்தை உடம்புக்கு அனுப்புகிறது.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிட்ட வீடு எங்களுடையது. "தண்ணி முறை வச்சுப் பாய்ச்சுதாப்பல" என்று அத்தை சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. மடைகளை 1839-ல் பர்க்கின்ஜி பார்த்தார். பெரிய கால்வாயை 1893-ல் ஹிஸ் கண்டார். ஷட்டரை 1906-ல் சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் ஜெர்மனியில் இருந்து கண்டுபிடித்துச் சொன்னார். ஊற்றுக்கண்ணைக் கண்டவர்கள் 1907-ல் இங்கிலாந்தில் கீத், ஃபிளாக் என்ற இருவர். வயலில் தொடங்கி மலைக்கு ஏறிப் போன மாதிரி, பாருங்களேன்!

வடம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால்...

2016 டிசம்பர் 4-ம் தேதி, சென்னை அப்போலோ மருத்துவமனையில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு "கார்டியாக் அரெஸ்ட்" என்று டி.வி.யில் சொன்னது நினைவிருக்கிறதா? மறுநாள் இரவு அவர் காலமானார். அன்று நம் வீடுகளில் எல்லாரும் அதை "மாரடைப்பு" என்றே பேசிக்கொண்டோம். இரண்டும் ஒன்றல்ல. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் அடைப்பு. ஆள் பேசுவார், நடப்பார், "வாயு" என்பார். அரெஸ்ட் என்பது இதயம் ரத்தத்தை அனுப்புவதையே நிறுத்திவிடுவது. ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். அதற்குக் காரணங்கள் பல. மாரடைப்பும் அதில் ஒன்று. ரத்தம் கிடைக்காத தசை எரிச்சல் பட்டுக் கரண்டின் ஒழுங்கைக் குலைத்துவிடும். என் கணவருக்கு நடந்தது அதுதான்.

அந்த நேரத்தில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது? இதற்கு நான் அத்தைக்கு நம் ஆனித் தேரைச் சொன்னேன்.

நெல்லையப்பர் தேரை ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறோம். முன்னால் ஒருவர் குரல் கொடுக்கிறார். அந்தக் குரலுக்கு எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்க, அத்தனை பெரிய தேர் அசைகிறது. இப்போது கூட்டத்தில் ஒரு குழப்பம் வந்து, ஆளாளுக்குக் குரல் கொடுத்து, ஆளாளுக்கு இழுத்தால்? அத்தனை பேரும் இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள், வேர்வை கொட்டும். தேர் மட்டும் ஓர் அங்குலம் நகராது. இதயத்தின் கீழ் அறைகளில் வரும் இந்தக் குழப்பத்தை வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். இதயம் நின்றுபோகவில்லை, நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே போவதில்லை.

குழப்பத்தை அடக்க என்ன வழி? "எல்லாரும் வடத்தைக் கீழ போடுங்கய்யா!" என்று ஒரு பெரிய சத்தம் போட வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். அந்த ஒரு கண அமைதியில், முன்னால் நிற்பவர் மறுபடி குரல் கொடுத்தால் தேர் நகரும். டாக்டர்கள் கொடுக்கும் ஷாக் அந்தப் பெரிய சத்தம்தான்.

நெஞ்சின் வழியே ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போலத்தான் கரண்டு பாய்கிறது. இப்போதைய மிஷின்களில் பெரியவர்களுக்கு 120 முதல் 200 ஜூல் வரை. 200 ஜூல் என்றால் பயந்துவிடாதீர்கள். 60 வாட்ஸ் குண்டு பல்பு மூன்று விநாடி எரிகிற சக்திதான். அதை ஒரே கணத்தில் கொடுக்கிறார்கள். தாறுமாறாகத் துடிக்கும் தசை அணுக்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே சமயத்தில் தூண்டப்பட்டு, ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன. குழப்பம் நின்றுவிடுகிறது. அப்போது, எல்லாரிலும் முந்தி எழும் சுபாவம் உள்ள அந்த ஊற்றுக்கண், எஸ்.ஏ. நோடு, மறுபடி தலைமை ஏற்கிறது. ஷட்டர், கால்வாய், மடை எல்லாம் பழைய முறைக்கு வருகின்றன.

ஆகவே, சகோதரிகளே, ஷாக் இதயத்தை ஓட்டி விடுவதில்லை. ஒரு கணம் நிறுத்தி வைக்கிறது! ஓட வைப்பது இதயத்தின் சொந்தக் கரண்டுதான். எனக்கு இது புரிந்த அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஷாக் கொடுத்த உடனே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சில விநாடி ஒன்றுமே இருக்காது. பிறகு துடிப்பு மெள்ள, தயங்கித் தயங்கி வரலாம். ஊற்றுக்கண் சோர்ந்து கிடந்தால் ஏ.வி. நோடு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு நிமிஷத்துக்கு 40 முதல் 60 வரை துடிக்க வைக்கும். மூத்தவன் படுத்துவிட்டால் இளையவன் கடையைத் திறக்கிற மாதிரி. அதுவும் முடியாவிட்டால் தற்காலிகமாக பேஸ்மேக்கர் வைத்து உதவுவார்கள். அதனால்தான் ஷாக் கொடுத்த கையோடு மறுபடி இரண்டு நிமிஷம் நெஞ்சை அமுக்குகிறார்கள். எழுந்த பிள்ளை தள்ளாடும்போது கை கொடுக்க வேண்டாமா?

சினிமாவில் என்ன காட்டுகிறார்கள்? திரையில் கோடு நேராகப் போகும், டாக்டர் ஓடி வந்து ஷாக் வைப்பார், கதாநாயகன் எழுந்துவிடுவான். அது தப்பு. கோடு நேராகிவிட்டால், அதாவது வடம் பிடிக்க ஆளே இல்லை என்றால், "வடத்தைக் கீழே போடு" என்று யாரிடம் சொல்வது? அங்கே ஷாக்கால் பயனில்லை. நெஞ்சை அமுக்குவதும் ஊசி மருந்தும்தான்.

கெடுக்கும் கரண்டு, கொடுக்கும் கரண்டு

"கரண்டு ஆளைக் கொல்லாதாக்கும்?" என்று அத்தை கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாபநாசத்தில் 1944-லிருந்து நம் தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டுப் போனவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

இந்த இரண்டு குணத்தையும் ஒரே ஆராய்ச்சியில் பார்த்தவர்கள் ஜெனிவாவைச் சேர்ந்த பிரவோ, பட்டெல்லி என்ற இருவர். 1899-ல், நாய்களின் மேல் செய்த சோதனையில், கொஞ்சம் கரண்டு பாய்ந்தால் இதயம் நடுங்க ஆரம்பிக்கிறது, அதைவிடப் பலமாகப் பாய்ச்சினால் நடுக்கம் நிற்கிறது என்று கண்டார்கள். நம் வீட்டுக் கரண்டு விநாடிக்கு 50 தடவை அலைபாய்வது. அது உடம்பு வழியே தொடர்ந்து ஓடும்போது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இதயத்தின் ஒழுங்கைக் குலைத்துவிடும். ஆஸ்பத்திரி ஷாக் அளந்து, ஒரே கணம், நெஞ்சின் குறுக்கே கொடுப்பது. அரிவாள்மனை காயையும் நறுக்கும், கையையும் நறுக்கும் அல்லவா?

மனிதருக்கு இதை முதன்முதலில் செய்து பிழைக்க வைத்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற சர்ஜன். 1947-ல் ஆபரேஷன் மேஜையில் 14 வயதுப் பையனின் இதயம் நடுங்க ஆரம்பித்தது. திறந்திருந்த நெஞ்சுக்குள் இதயத்திலேயே வைத்து ஷாக் கொடுத்தார். பையன் பிழைத்தான். 1956-ல் பாஸ்டனில் பால் ஸோல், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே கொடுக்கலாம் என்று காட்டினார். 1962-ல் பெர்னார்ட் லவுன் டி.சி. கரண்டுக்கு மாற்றினார். அதுதான் இதயத்துக்குக் கெடுதல் குறைந்தது. 1965-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் அந்த மிஷினை ஆம்புலன்ஸில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடிய அது 70 கிலோ கனம்! இன்றைக்கு ஒரு டிபன் கேரியர் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். ஏ.இ.டி. என்று பெயர். பெரிய விமான நிலையங்கள் போன்ற இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும். ஒட்டுகளை நெஞ்சில் ஒட்டினால், அதுவே துடிப்பைப் பார்த்து, ஷாக் தேவையா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்லும்.

கால்பந்து பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 2021 ஜூன் 12-ம் தேதி கோபன்ஹேகன் மைதானத்தில், டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். வயது 29. உடனே நெஞ்சை அமுக்கினார்கள், அங்கேயே ஷாக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். மறுபடி ஒழுங்கு குலைந்தால் தானாகவே ஷாக் கொடுக்கும் சின்ன மிஷினை உடம்புக்குள் வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் மறுபடி ஆட வந்துவிட்டார்.

மிஷின் வரும்வரை கை

நான் இதுவரை சொன்னதில் மிஷின்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் மிஷின் வருவதற்குள் மூளை காத்திருக்காது. ரத்தம் போகாவிட்டால் நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். அமுக்கவும் ஆளில்லாமல் ஷாக்கும் கிடைக்காமல் போனால், ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்துகொண்டே போகும். ஷாக் கொடுத்தாலும் மறுபடி துடிக்க இதயத் தசையில் உயிர் இருக்க வேண்டுமே!

கையால் அமுக்கும் வித்தை பிறந்த விதமும் சுவாரசியமானது. மின் கம்பியில் வேலை செய்கிறவர்கள் ஷாக்கடித்துச் சாவதைத் தடுக்க, கோவன்ஹோவன் என்ற மின்சார இன்ஜினீயர் பால்டிமோரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஷாக் கொடுக்க மிஷின் தட்டுகளை நெஞ்சின் மேல் அழுத்தியபோதே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை அவர் கூட்டாளி ஒருவர் கவனித்தார். வெறும் அழுத்தமே ரத்தத்தை ஓட்டும் என்று புரிந்தது. 1960-ல் அதை உலகத்துக்குச் சொன்னார்கள்.

இதை என் மகள் புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தமடையிலிருந்து திருநெல்வேலி. இருபத்தைந்து நிமிஷம். மாமா விட்ட அந்தக் குறட்டை, தூக்கத்தின் குறட்டை இல்லை. அதே சத்தத்தைத்தான் நான் என் கணவர் தொண்டையிலும் கேட்டேன். அன்று காரில் நாலு பேர் இருந்தோம். எட்டுக் கைகள். ஒருவருக்கும் தெரியவில்லை.

இதை அத்தையிடம் சொல்வதா வேண்டாமா? கரண்டு கொல்லவில்லை என்று சொல்லி ஒரு பழியை இறக்கி வைத்தால், தாமதம் என்ற இன்னொரு பழி வந்து ஏறிக்கொள்ளுமே! இரண்டு நாள் யோசித்தேன். கரண்டைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நினைத்து, ஆற்றையும் தேரையும் சொல்லி முடித்தேன். ராத்திரி, பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாங்களாகவே கேட்டார்கள்.

"அப்போ விடியட்டும்னு இருந்தோமே, அதுதானாட்டி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓமத்தண்ணி போட்டுக் குடுத்தது நான்தான் அத்தை" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது.

"போடச் சொன்னது நாந்தானே" என்றார்கள் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "தெரியாமத்தான செஞ்சோம். தெரிஞ்ச பெறவும் செஞ்சாத்தான் தப்பு. நாலு பேருக்குச் சொல்லு" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் இந்த நாலு பேருக்குச் சொல்கிறேன்:

நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்கல், இவற்றில் எது வந்தாலும் "வாயு" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெண்களுக்கு வலி பெரிதாக இல்லாமல், வாந்தி, அசாத்திய அசதி என்றும் வரலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த "இதயம் காப்போம்" திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் ஒருவர் திடீரென்று விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், மூச்சு சரியாக இல்லாவிட்டால், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். குறட்டை போல, திணறல் போல வரும் சத்தம் மூச்சு அல்ல. 108-க்கு ஒருவர் பேசட்டும். அவரைக் கட்டாந்தரையில் மல்லாத்துங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல், இரண்டு அங்குலம் நெஞ்சு இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விடுங்கள். கை ஓய்ந்தால் ஆள் மாற்றுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். விலா எலும்பு ஒடிந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். ஒடிந்த எலும்பு கூடும்.

ஷாக்கடித்துக் கிடப்பவரை முதலில் தொடாதீர்கள். மெயினை அணைத்த பிறகுதான் தொட வேண்டும். வீட்டில், கசிவு கண்டால் தானே கரண்டை நிறுத்தும் ஈ.எல்.சி.பி. சுவிட்சை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள்.

என் மகள் எங்கள் தெருப் பெண்களுக்கு, கெட்டித் தலையணையை வைத்து அமுக்கக் கற்றுக் கொடுத்தாள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் கார்த்திகையில் மாமாவின் திதி வந்தது. மாமாவின் அக்காவும் வந்திருந்தார்கள். எண்பத்தைந்து வயது. சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். "வீட்டோட கிடந்திருந்தா..."

அத்தை கூட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். குரல் உயரவில்லை.

"கரண்டு கொல்லல மதினி. அது பிந்தி வந்துச்சு, அவ்வளவுதான். நாமதான் பிந்திட்டோம். எல்லாருந்தான்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. அத்தை மறுபடி பாத்திரத்தை எடுத்து மதினி இலையில் கூட்டைப் பரிமாறினார்கள்.

ஓமம் டப்பா இப்போதும் மூன்றாவது தட்டில்தான் இருக்கிறது. வயிற்று வலிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. நெஞ்சு வலிக்கு மட்டும் அதன் பக்கம் கை போவதில்லை.